விதிநூல் படிக்காதவர்களுக்கான விளையாட்டு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயரை எங்கோ கேள்விப்பட்டு, ஆடிப் பார்க்கலாமே என்று நினைப்பவர் கண்ணில் முதலில் படுவது ஒரு தடித்த புத்தகம். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் ஆட்டக்காரர் கையேடு மட்டும் 320 பக்கம். ஆட்டத்தை நடத்துபவருக்கு ஒரு நூல், எதிர்ப்படும் விசித்திர உயிர்களுக்கு ஒரு நூல் என்று மேலும் இரண்டு உண்டு. மூன்றும் சேர்ந்தால் அமெரிக்க விலையில் ஏறக்குறைய 150 டாலர். இதையெல்லாம் படித்து முடித்தால்தான் உட்கார முடியுமா என்ற மலைப்பிலேயே பெரும்பாலானோர் விலகிவிடுகிறார்கள். ஆட்டமோ மிக எளிமையானது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்கிறார்கள். ஒருவர் நடுவர், சூழலைச் சொல்பவர் அவர். மற்றவர்கள் ஆளுக்கொரு கதைமாந்தராகி, தாம் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்கிறார்கள். முடிவு உறுதியில்லாத இடத்தில் பகடை உருள்கிறது. அதன் விளைவை நடுவர் சொல்ல, பேச்சு தொடர்கிறது. பாத்திரமேற்பு விளையாட்டு என்பது இவ்வளவுதான். புதியவர்களை இதற்குள் எப்படிக் கொண்டுவருவது என்று ஆர்வலர்கள் பேசும்போதெல்லாம் விதிகளை எளிமையாக்குவது பற்றியே பேச்சு போகிறது. இந்த விளையாட்டின் வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது: ஆட்டக்காரர் விதி அறிந்திருக்க வேண்டியதில்லை என்பதே இதன் அடித்தளம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, புதியவர் எதைப் படிக்க வேண்டும் என்பதைவிட, அவருக்கு முதல் இருக்கையைத் தருவது யார் என்பதுதான்.

வேரைத் தேடினால் பிரஷ்யாவுக்குப் போக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரைஸ்விட்ஸ் என்ற தந்தையும் மகனும் படை அதிகாரிகளுக்கான போர்ப் பயிற்சி ஆட்டம் ஒன்றை உருவாக்கினார்கள். மகன் 1824இல் வெளியிட்ட வடிவத்தைப் படைத்தலைமை அதிகாரி முஃப்லிங் படை முழுவதற்கும் பரிந்துரைத்தார். க்ரீக்ஸ்ஷ்பீல் எனப்பட்ட அந்த ஆட்டத்தில் இரு தரப்பினரும் தங்கள் கட்டளைகளை நடுவரிடம் கொடுப்பார்கள். வரைபடத்தில் கட்டைகளை நகர்த்துவது, பகடை போடுவது, அட்டவணை பார்த்துச் சேதத்தைக் கணக்கிடுவது எல்லாம் அவர் வேலை. தளபதியாக ஆடுபவர் நிஜப் போர்க்களத்தில் எப்படிப் பேசுவாரோ அப்படிப் பேசினால் போதும். சிக்கல் நடுவருக்குத்தான். விதிகள் கனத்தவை, அதைக் கற்று நடத்த முன்வந்தவர்கள் குறைவு. 1870களில் மெக்கல் என்ற அதிகாரி இந்தக் குறையை வெளிப்படையாக எழுதினார். 1876இல் வெர்டி டு வெர்நுவா ஒரு படி மேலே போய், அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பையே விதியாக்கினார். நடத்த ஆள் கிடைக்காததுதான் இடையூறு என்பதும், நடுவரின் சுமையைக் குறைத்தால் ஆட்டம் பரவும் என்பதும் ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்பே கண்டறியப்பட்ட உண்மைகள். இன்றைய விவாதங்களில் இவை நினைவுகூரப்படாதது எனக்கு வருத்தமே.

அந்த மரபு அமெரிக்காவுக்கு வந்த வழி சுவையானது. மினசோட்டாவில் போர் விளையாட்டு ஆர்வலராக இருந்த டேவிட் வெஸ்லி, டாட்டன் என்ற அமெரிக்க அதிகாரி 1880 வாக்கில் வெளியிட்ட ஸ்ட்ராடெகோஸ் என்ற பழைய நூலைப் பல்கலைக்கழக நூலகத்தில் கண்டெடுத்தார். ஆட்டக்காரர் எதையும் முயலலாம், அது நடக்குமா என்று நடுவர் முடிவு செய்வார் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1969இல் பிரௌன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மானிய ஊரை வைத்து நெப்போலியன் காலத்து ஆட்டம் ஒன்றை நடத்தினார். இரு படைத்தளபதிகள் போக மீதி நண்பர்களுக்கு நகரத் தலைவர், வங்கியாளர், பல்கலைக்கழக வேந்தர் என்று தனித்தனி ஆட்களின் பொறுப்பைத் தந்தார். படைகள் மோதுவதற்குள் இவர்கள் ஒருவரோடொருவர் பேசி, சதி செய்து, பேரம் பேசி ஆட்டத்தைத் தலைகீழாக்கிவிட்டார்கள். தோல்வி என்று வெஸ்லி நினைத்தார். நண்பர்களோ மறுபடி எப்போது என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவரான டேவ் ஆர்னசன் 1971இல் பிளாக்மூர் என்ற மாய உலகத்தை உருவாக்கித் தாமே நடுவராக நடத்தத் தொடங்கினார். 1972 இறுதியில் அவர் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவுக்குப் போய், கேரி கைகாக்ஸ் வீட்டில் அதை ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் ஏற்கெனவே செயின்மெயில் என்ற இடைக்காலப் போர் விளையாட்டின் இணை ஆசிரியர். விதி எழுதுவதில் கைதேர்ந்தவர். அந்த இரவில் அவரும் விதி தெரியாத புதியவராகத்தான் உட்கார்ந்தார். ஆடினார், மயங்கினார், குறிப்புகளைக் கேட்டு வாங்கினார், பிறகே எழுதினார். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஆசிரியரே அந்த ஆட்டத்தை ஆடித்தான் அறிந்துகொண்டார் என்பதைவிட வலுவான சான்று என் வாதத்துக்கு வேறில்லை.

1974 ஜனவரியில் மூன்று சிறு நூல்களாகப் பெட்டியில் வந்த முதல் பதிப்பின் விலை 10 டாலர். அச்சிட்டது 1,000 பிரதி. அதைத் தனியாகப் படித்து ஆட்டத்தைப் புரிந்துகொள்வது பெரும்பாடு. சண்டைக்குச் செயின்மெயில் நூல் கையில் இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்த்தது. காட்டுவழிப் பயணத்துக்கு அவுட்டோர் சர்வைவல் என்ற வேறொரு நிறுவனத்தின் பலகை விளையாட்டைப் பரிந்துரைத்தது. நான்முகம், எண்முகம், பன்னிருமுகம், இருபதுமுகம் கொண்ட பகடைகளை அன்று கல்விச் சாதனம் விற்கும் நிறுவனங்களிடம்தான் வாங்க முடிந்தது. ஆட்டக்காரர் என்ன பேசுவார், நடுவர் என்ன பதில் சொல்வார் என்ற அடிப்படைகூடப் படிப்பவருக்கு எளிதில் விளங்காது. இத்தனைக்குப் பிறகும் அந்தப் பிரதிகள் ஓராண்டுக்குள் விற்றுத் தீர்ந்தன. எப்படி? ஆடியவர் ஆடாதவருக்குக் காட்டினார். கல்லூரி விடுதியிலிருந்து விடுதிக்கும், மாநாட்டிலிருந்து ஊருக்கும் ஆள் வழியாகவே ஆட்டம் பயணித்தது. பல்லாங்குழியை யாரும் விதிநூல் படித்துக் கற்றதில்லை. ஆடும் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு சுற்று தோற்று, மூன்றாம் சுற்றில் கை பழகுகிறது. அரைகுறை விதிநூலோடு பிறந்த இந்த விளையாட்டும் அந்த வழியில்தான் பிழைத்தது.

ஆட்டத்தை வெளியிட்ட நிறுவனம் வளர வளர, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லாத ஊர்களுக்கும் பெட்டி போய்ச் சேர்ந்தது. அந்த வெற்றிடத்தை நிரப்பத் தாமாக முன்வந்தவர் ஜே. எரிக் ஹோம்ஸ் என்ற நரம்பியல் பேராசிரியர். 1977இல் அவர் செப்பனிட்ட அடிப்படைப் பெட்டி, கதைமாந்தர் வளர்ச்சியின் முதல் மூன்று நிலைகளோடு நிறுத்திக்கொண்டு 48 பக்கத்தில் முடிந்தது. 1981இல் டாம் மோல்ட்வே செய்த பதிப்பு இன்னும் தெளிவானது. இந்த வரிசையில் நான் மிக மதிப்பது 1983இல் ஃபிராங்க் மென்ட்சர் எழுதிய சிவப்புப் பெட்டிதான். அதில் ஆட்டக்காரர் நூலைத் திறந்தவுடன் அட்டவணை வருவதில்லை. நீ ஒரு வீரன், ஊருக்கு வெளியே குகை ஒன்றிருக்கிறது என்று கதை தொடங்கிவிடுகிறது. படிப்பவர் தனியாகவே முதல் சாகசத்தை ஆடுகிறார். வலிமை என்றால் என்ன, காயப் புள்ளி எதற்கு என்பதெல்லாம் தேவைப்படும் அந்தந்த இடத்தில் ஒவ்வொன்றாக அறிமுகமாகின்றன. வழியில் அலீனா என்ற துறவிப் பெண் துணைக்கு வருகிறாள். பார்கிள் என்ற மந்திரவாதி அவளைக் கொன்றுவிடுகிறான். நாற்பது ஆண்டு கழித்தும் அன்று படித்த சிறுவர் சிறுமியர் பார்கிளின் மீது கோபம் தணியாமல் இருப்பதை ஆர்வலர் உலகில் இன்றும் காணலாம். மென்ட்சர் செய்தது, பக்கத்தில் உட்காரும் ஆளைக் காகிதத்துக்குள் வைத்தது. முதலில் அனுபவம், பிறகு விளக்கம் என்ற அந்த வரிசையைப் பின்னால் வந்த பெரிய நூல்கள் பலவும் கைவிட்டது இந்தத் துறைக்கு நேர்ந்த இழப்பு.

மற்ற நாடுகளும் இதே பாடத்தைத் தத்தம் வழியில் கற்றன. ஸ்வீடனில் 1982இல் வந்த ட்ராக்கர் ஒக் டெமோனரும், ஜெர்மனியில் 1984இல் உல்ரிக் கீசோவ் உருவாக்கிய டாஸ் ஷ்வார்ட்ஸே ஆவ்கேயும் தாய்மொழியில், பொம்மைக் கடையில், பெட்டி விளையாட்டாகவே அறிமுகமாயின. ஜெர்மனியில் உள்ளூர் ஆட்டம் அமெரிக்க ஆட்டத்தை விற்பனையில் முந்தியது. ஜப்பானின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. 1986இல் காம்ப்டிக் என்ற இதழ், ஒரு குழு ஆடிய ஆட்டத்தின் பேச்சை அப்படியே உரையாடலாக எழுதித் தொடராக வெளியிட்டது. விதி தெரியாத வாசகர் ஆட்டம் எப்படி ஒலிக்கும் என்பதைப் படித்தே புரிந்துகொண்டார். ரெக்கார்ட் ஆஃப் லோடோஸ் வார் என்ற அந்தத் தொடர் பின்னர் நாவலாகவும் அசைவூட்டப் படமாகவும் வளர்ந்தது. 1989இல் அதே குழுவினர் வெளியிட்ட சுவோர்ட் வேர்ல்ட், சட்டைப்பைக்குள் அடங்கும் மலிவுப் பதிப்பாக, வீட்டில் கிடக்கும் சாதாரண ஆறுமுகப் பகடை மட்டுமே போதும் என்ற ஏற்பாட்டோடு வந்தது. விலை, பகடை, மாதிரி உரையாடல் இல்லாமை ஆகிய மூன்று தடைகளையும் ஒருசேர அகற்றிய அந்த முயற்சியே, புதியவரை மனத்தில் வைத்து வடிவமைப்பது எப்படி என்பதற்கு நான் காட்டும் முதல் எடுத்துக்காட்டு.

இனி மறுப்புகளுக்கு வருவோம். செலவு, நேரம் என்ற இரண்டையும் விரைவாகவே கடக்கலாம். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் 2014 முதலே இணையத்தில் இலவசம். முதல் நாள் வருபவர் அதைக்கூடத் திறக்க வேண்டியதில்லை. நூலோ பகடையோ மேசைக்கு ஒன்றிருந்தால் போதும். ஆண்டுக்கணக்கில் நீளும் தொடராட்டம்தான் அசலானது என்ற எண்ணமும் தவறு. 1975இல் ஒரிஜின்ஸ் மாநாட்டுப் போட்டிக்காகக் கைகாக்ஸ் அமைத்த டூம் ஆஃப் ஹாரர்ஸ் முதற்கொண்டு, ஒரே அமர்வில் ஆடி முடிக்கும் மரபும் இந்த விளையாட்டில் உண்டு.

எனக்கு நடிக்க வராது என்ற தயக்கம் இதைவிட ஆழமானது. இன்று அதைப் பெரிதாக்கியிருப்பவை இணைய ஒளிபரப்புகள். 2015 மார்ச்சில் தொடங்கிய கிரிட்டிகல் ரோல் நிகழ்ச்சியில் குரல் நடிகர்கள் மேசையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் ஆடுகிறார்கள். நடுவர் மேத்யூ மெர்சரும் தேர்ந்த குரல் நடிகர். 2019இல் அவர்கள் தங்கள் கதையை அசைவூட்டப் படமாக்க ரசிகர்களிடம் நிதி கேட்டபோது 1.1 கோடி டாலருக்கும் மேல் குவிந்தது. 2016இல் வந்த ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடரோடு சேர்ந்து, இந்த விளையாட்டை இதுவரை கேள்விப்படாத வீடுகளுக்குக் கொண்டுசென்றதில் அவர்களின் பங்கு மிகப் பெரியது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆயினும் அதைப் பார்த்துவிட்டு வருபவர், தாமும் குரலை மாற்றி, கண்ணீர் வரவழைத்துப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார். தேவையே இல்லை. "என் ஆள் காவலரிடம் பொய் சொல்லிப் பார்க்கிறாள்" என்று படர்க்கையில் சொன்னாலே அது முழுமையான ஆட்டம்தான். கூச்ச சுபாவமுள்ளவர், கூட்டத்தில் கடைசியாகப் பேசுபவர், கதவைத் திறப்பதற்கு முன் கீல்களை உற்றுப் பார்க்கச் சொல்பவர் ஆகியோர்தாம் பல மேசைகளில் ஆட்டத்தைக் காப்பாற்றுகிறார்கள். கேட்பதற்கே கலகலப்பான மேசையைவிட, ஒருவர் சொன்னதை மற்றவர் காதுகொடுத்துக் கேட்கும் மேசைதான் புதியவருக்கு நல்லது.

ஆபத்தானது என்ற குற்றச்சாட்டை முழுமையாக எடுத்துப் பேச வேண்டும். பெற்றோர் மனத்தில் அது இன்னும் மிச்சமிருக்கிறது. 1979இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் காணாமல்போனார். நீராவிக் குழாய்ச் சுரங்கங்களில் இந்த ஆட்டத்தை ஆடப்போய்த் தொலைந்தார் என்று தனியார் துப்பறிவாளர் ஒருவர் ஊகித்தார். செய்தித்தாள்கள் அதைப் பரப்பின. அந்த இளைஞரை வருத்திக்கொண்டிருந்தது மனச்சோர்வு; ஆட்டத்துக்கும் அவர் மறைந்ததற்கும் தொடர்பில்லை என்பது பிறகு தெரிந்தது. அதற்குள் 1981இல் ரோனா ஜாஃபியின் நாவலும், 1982இல் டாம் ஹாங்க்ஸ் நடித்த தொலைக்காட்சிப் படமும் அந்த ஊகத்தைக் கதையாக்கிவிட்டன. மகனைத் தற்கொலையில் இழந்த பட்ரீசியா புல்லிங் என்ற தாய் 1983இல் இந்த ஆட்டத்துக்கு எதிராக ஓர் அமைப்பைத் தொடங்கினார்; 1985இல் சிபிஎஸ் தொலைக்காட்சியின் 60 மினிட்ஸ் அவரது குற்றச்சாட்டை நாடெங்கும் கொண்டுசென்றது. ஒரு தாயின் துயரத்தை அலட்சியப்படுத்த யாருக்கும் உரிமையில்லை. துயரம் உண்மையாக இருப்பதால் அதற்குச் சொல்லப்பட்ட காரணமும் உண்மையாகிவிடாது. 1990இல் மைக்கேல் ஸ்டாக்போல் புல்லிங்கின் ஆதாரங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, அவை நிற்கவில்லை என்று விரிவாக எழுதினார். ஆட்டக்காரரின் ஆளுமையை அளந்த உளவியல் ஆய்வுகளும், நெடுங்காலம் ஆடுவதற்கும் மனநிலைக் குலைவுக்கும் தொடர்பைக் காணவில்லை. லட்சக்கணக்கான இளைஞர் ஈடுபடும் எந்தச் செயலை எடுத்தாலும் அவர்களில் சிலர் துயரமான முடிவைத் தேடியிருப்பார்கள். அந்தச் செயலில் ஈடுபடாதவரோடு ஒப்பிடாமல் காரணம் கூறுவது தவறு. இன்று நிலைமை தலைகீழ். சியாட்டில் பகுதியின் கேம் டு க்ரோ என்ற தொண்டு நிறுவனம், பிறரோடு பழகத் தடுமாறும் சிறுவர்களுக்கும் ஆட்டிசம் உள்ளோருக்கும் இதே ஆட்டத்தைத் துணையாக்கிக்கொள்கிறது. டென்மார்க்கின் ஹோப்ரோ நகரில் 2006 முதல் நடக்கும் ஓஸ்டர்ஸ்கோவ் உறைவிடப் பள்ளி, பாடங்களையே பாத்திரமேற்று ஆடும் கதைகளாக நடத்துகிறது. நன்மைகளைக் காட்டும் ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மருந்து என்று சொல்லி யாரையும் மேசைக்கு அழைக்கக் கூடாது. நன்றாக இருக்கும் என்பதே போதுமான காரணம்.

கூடுதல் நியாயமுள்ள மறுப்பு ஒன்று இருக்கிறது: இந்த மேசை எல்லோரையும் வரவேற்றதில்லை. மினசோட்டா ஆட்டக்காரர்களோடு பழகி ஆராய்ந்த சமூகவியலாளர் கேரி ஆலன் ஃபைன் 1983இல் வெளியிட்ட ஷேர்ட் ஃபேன்டசி என்ற நூலில், அது ஏறக்குறைய முற்றிலும் ஆண்களின் உலகமாக இருந்ததையும், பெண் பாத்திரங்கள் எவ்வளவு மோசமாக நடத்தப்பட்டார்கள் என்பதையும் பதிவு செய்திருக்கிறார். கதைக்களமும் பெரும்பாலும் ஐரோப்பியக் கோட்டையும் குகையுமாகவே இருந்தது. இதில் மாற்றம் வந்திருக்கிறது. 2022இல் வந்த ரேடியன்ட் சிட்டடெல் தொகுப்பில் இந்திய எழுத்தாளர் மிமி மண்டல் வங்கச் சாயலில் ஒரு சாகசத்தை எழுதியிருக்கிறார். அதைவிட முக்கியம் மேசையில் வந்த மாற்றம். கதையில் எது வரவே கூடாது, எது திரைக்குப் பின்னால் மட்டும் நிகழலாம் என்று முன்கூட்டிப் பேசிவைக்கும் வழக்கத்தை ரான் எட்வர்ட்ஸ் அறிமுகப்படுத்தினார். ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் உருவாக்கிய எக்ஸ் அட்டை இன்னும் எளிது: மேசை நடுவில் எக்ஸ் எழுதிய ஒரு காகிதம், யாராவது அதைத் தொட்டால், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியைக் கடந்துவிட வேண்டும். பழைய ஆட்டக்காரர் சிலர் இதைக் கெடுபிடி என்கிறார்கள். அறிமுகமற்ற நால்வர் சேர்ந்து முன்கூட்டி எழுதப்படாத கதையைச் சொல்லும்போது, நிறுத்தும் உரிமை எல்லோர் கையிலும் இருப்பது அவர்களை இன்னும் துணிச்சலாகவே ஆடவைக்கும். அந்த அட்டை இல்லாத மேசைக்கு ஒரு பெண்ணை முதன்முறையாக அழைப்பவர், அவளிடம் காரணமில்லாத நம்பிக்கையைக் கேட்கிறார்.

கணினி விளையாட்டு இதைவிட நன்றாகச் செய்யுமே என்பாரும் உண்டு. 2023இன் பால்டர்ஸ் கேட் 3 இதே விதிகளைக் கொண்டு அற்புதமாகச் செய்யப்பட்டது. அவ்வாண்டின் சிறந்த விளையாட்டு விருதும் பெற்றது. அதை ஆடியவர்கள் மேசைக்கும் வரட்டும். ஆனால் கணினியில், செய்தவர்கள் முன்கூட்டி யோசித்த வழிகளில்தான் போக முடியும். மேசையில் கொள்ளைக்காரத் தலைவனிடம் சண்டையிடாமல் அவன் தாயாரின் உடல்நலம் விசாரித்தால், நடுவர் ஒரு கணம் யோசித்துவிட்டு அந்தத் தாயை உருவாக்கித்தான் ஆக வேண்டும். வெஸ்லி தேடியெடுத்த பழைய நூலின் எண்ணம் அந்தக் கணத்தில் உயிரோடிருக்கிறது.

ஆக, ஆட்டக்காரருக்குத் தடையாகச் சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை தீர்க்கக்கூடியவை. தீராமல் நிற்பது நடுவர் பற்றாக்குறை. ஒரு மேசைக்கு ஒரு நடுவர் வேண்டும். அவருக்குத்தான் விதி, தயாரிப்பு, தீர்ப்பு, நேர நிர்வாகம் எல்லாம். நடுவருக்குக் காசு கொடுத்து இடம் பிடிக்கும் இணையதளங்கள் வந்திருப்பதே பஞ்சத்தின் அளவைக் காட்டும். மெக்கல் சுட்டிய குறை அப்படியே இருக்கிறது. புதிய ஆட்டக்காரரைச் சேர்ப்பதைவிடப் புதிய நடுவரைச் சேர்ப்பதே அவசரம் என்பது என் முடிவு. ஒவ்வொரு புதிய நடுவரும் தம்மோடு நான்கு இருக்கைகளைக் கொண்டுவருகிறார். ஸ்வீடனில் 1988இல் தொடங்கிய ஸ்வெரோக் என்ற விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு, அரசின் இளைஞர் மானியம் பெற்று, ஊர்தோறும் சிறுவர்கள் தாமே கழகம் அமைத்து நடத்த வழிசெய்கிறது. நடத்துவது பெரிய வித்தை என்ற பிம்பத்தை அது உடைக்கிறது.

முதல்முறை நடத்துபவருக்குத் தரப்படும் சாகசங்களும் அவரை எண்ணி எழுதப்பட்டிருக்க வேண்டும். ஐந்தாம் பதிப்பின் தொடக்கப் பெட்டியில் வந்த லாஸ்ட் மைன் ஆஃப் ஃபண்டெல்வர் பல வகையில் நல்ல சாகசம். ஆனால் முதல் காட்சியிலேயே காப்ளின் எனப்படும் நான்கு குட்டி அரக்க உயிர்கள் பதுங்கியிருந்து தாக்குகின்றன. முதல் நிலை மந்திரவாதிக்கு ஏழெட்டுக் காயப் புள்ளிதான். காப்ளினின் ஒரு வெட்டு 3 முதல் 8 வரை பறிக்கும். பத்து நிமிடத்தில் புதியவரின் ஆள் விழுந்துகிடக்க, புதிய நடுவர் என்ன செய்வதென்று தெரியாமல் நூலைப் புரட்டுவது அடிக்கடி நடக்கிறது. பகடைக் கணக்கும் இதில் பேசும். இருபதுமுகப் பகடையில் 15 வேண்டும், கூட்டுவதற்கு 5 இருக்கிறது என்றால் வெற்றி வாய்ப்பு 55 விழுக்காடு. மீதி 45இல் பெரும்பாலும் எதுவும் நடப்பதில்லை, அடுத்தவர் முறை வந்துவிடும். வின்சென்ட், மெக்வே பேக்கர் இணையர் 2010இல் வெளியிட்ட அபோகலிப்ஸ் வேர்ல்ட் வேறு வழி கண்டது. இரண்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் என்றால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 என்றால் நடக்கும், ஆனால் ஏதோவொரு விலை உண்டு. 6க்குள் என்றால் நடுவர் சிக்கலைக் கொண்டுவருவார். கூட்டல் எதுவும் இல்லாவிட்டால் 36இல் 6 முறை முழு வெற்றி, 15 முறை விலையோடு வெற்றி, 15 முறை சிக்கல். எந்த எண் விழுந்தாலும் கதை நகர்கிறது. புதிய நடுவருக்கு அடுத்து என்ன சொல்வது என்ற திகைப்பைப் பகடையே பாதி தீர்த்துவிடுகிறது.

இன்னும் சிறிய ஆட்டங்களும் உண்டு. ஜான் ஹார்பர் 2013இல் எழுதிய லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ் ஒரே பக்கம். ஆட்டக்காரருக்கு 2 முதல் 5 வரை ஒரே ஓர் எண். அறிவுக்கு வேலையென்றால் அந்த எண்ணுக்குக் கீழே, மனத்துக்கு வேலையென்றால் அதற்கு மேலே பகடை விழ வேண்டும். கிராண்ட் ஹோவிட்டின் ஹனி ஹெய்ஸ்ட்டில் எல்லோரும் தேனைத் திருடக் கிளம்பிய கரடிகள். அதுவும் ஒரே பக்கம். ஜேசன் மார்னிங்ஸ்டார் 2009இல் செய்த ஃபியாஸ்கோவுக்கு நடுவரே தேவையில்லை. மூன்று முதல் ஐந்து பேர் மாறி மாறிக் காட்சியமைத்து இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒரு கதையை முடித்துவிடலாம். இவற்றை முன்னோட்டம் என்றும், பெரிய ஆட்டத்துக்குப் போகும் படிக்கட்டு என்றும் கருதுவோர் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் நால்வர் சேர்ந்து ஒரு கதையைச் சொல்லி முடித்தால் அவர்கள் இந்த விளையாட்டை ஆடிவிட்டார்கள். அழைப்பவர் செய்ய வேண்டியதும் அதிகமில்லை. தேர்ந்தெடுக்க ஐந்தாறு பாத்திரத் தாள்களை முன்கூட்டி எழுதிவைக்கலாம். கதையை ஊர்வலமாகத் தொடங்காமல் சிக்கலின் நடுவில் தொடங்கலாம். நீ என்ன செய்கிறாய் என்ற கேள்வியை ஒவ்வொருவரிடமும் முறைவைத்துக் கேட்கலாம். வென்றாலும் தோற்றாலும் சுவை இருக்கும் இடத்தில் மட்டும் பகடை உருட்டி, சொன்ன நேரத்தில் முடித்துவிடலாம். விதி பற்றிய கேள்வி வந்தால் ஒரு வாக்கியத்தில் பதில் சொல்லித் தீர்ப்பளித்து நகர வேண்டும். நூலைப் புரட்டுவது ஆட்டம் முடிந்த பிறகு.

தமிழில் ஆட விரும்புவோருக்கு இப்போது சட்டப்படியும் தடையில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் உரிமையாளரான விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட், 2000 முதல் பிறரும் தம் அடிப்படை விதிகளைக் கொண்டு ஆட்டங்களை வெளியிடத் திறந்த உரிமம் தந்திருந்தது. 2023 ஜனவரியில் அதை இறுக்கப் போகிறது என்ற செய்தி கசிந்ததும் உலகெங்கும் ஆட்டக்காரர்களும் சிறு பதிப்பாளர்களும் கொதித்தெழுந்தார்கள். அந்த மாத இறுதியிலேயே நிறுவனம் பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டது. திரும்பப் பெற முடியாத உரிமம் அது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். மொழிபெயர்க்கலாம், சுருக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். அனுமதிக் கடிதம் எழுத வேண்டியதில்லை. ஆனால் விதித்தொகுப்பு முழுவதையும் தமிழாக்க உட்காருபவர் தவறான முனையில் தொடங்குகிறார் என்பேன். அது நூற்றுக்கணக்கான பக்கம். முடியும்வரை ஒருவரும் ஆடப்போவதில்லை. முதலில் வேண்டியது பத்துப் பக்கம்: நாலு பாத்திரத் தாள்கள், ஒரு மாலையில் முடியும் சாகசம் ஒன்று, ஜப்பானிய இதழ் செய்ததைப் போல நடுவரும் ஆட்டக்காரரும் தமிழில் பேசிக்கொள்வதை அப்படியே காட்டும் மாதிரி உரையாடல் ஒன்று, தேவைப்படும் ஏழெட்டு விதிகள். இவ்வளவையும் விதி தெரிந்த ஒருவர் சில வாரங்களில் எழுதிவிடலாம். எழுதியதை இதுவரை எந்த ஆட்டத்தையும் நடத்தியிராத ஒருவர் கையில் கொடுத்து, தாம் ஆட்டக்காரராக எதிரில் உட்கார்ந்து, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்துத் திருத்த வேண்டும்.